கடைசி மஞ்சள் கம்பம்

பிள்ளைச்சாவடியிலிருந்து கடலோரமாகவே இரண்டு நாள் நடக்கும் பாதை, பனித்திட்டுக்குத் தெற்கே ஒரு மணல்முனையில் முடிகிறது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல். வழி காட்டும் மஞ்சள் மூங்கில் கம்பங்களில் முனையில் நிற்கும் கடைசிக் கம்பத்தைத் தொட்டால் நடை முடிந்தது. பாதையை அமைத்தவள் செல்வகுமாரி. இன்று ஒன்பது மணிக்கு முதல் அணி, நாற்பது பேர், அங்கே வருகிறார்கள்.

அந்தக் கம்பம்தான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஆறு கரையை அடியில் குடைந்துவிட்டது. மேலே கெட்டியாகத் தெரியும் மணலுக்குக் கீழே வெறும் பொந்து. நாற்பது பேர் கூடி நின்றால் சரிந்துவிடும். அதனால் நாலு நாளுக்கு முன் கம்பத்தைப் பிடுங்கிக் கடற்பக்கமாகத் தள்ளி நட்டாள். மறுநாள் அது பழைய குழியில் நின்றது. மாற்றினாள். மறுபடி அதே குழி.

இன்று ஆறு மணிக்கே வந்தபோது, மீன்பிடிக்கும் நடேசன் கம்பத்தைத் தோளில் சுமந்து போய்க்கொண்டிருந்தார்.

"அண்ணே! நீங்களா?"

"நான்தாம்மா. தெனம் நீ புடுங்குற, நான் நடுறேன். இடுப்பே போச்சு."

"நாப்பது பேரு ஆத்துல வுழுவாங்கண்ணே!"

"எனக்குப் பாரு போயிடுமே, அதுக்கு இன்னா பண்றது?"

பார் என்பது கடலடிப் பாறை. சங்கரா மீன் அங்கேதான் அடையும். தண்ணீருக்கு மேலே அதற்கு அடையாளம் கிடையாது. கரையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். படகிலிருந்து பார்க்கையில் கம்பமும் அதற்குப் பின்னால் ஊரின் உயரமான தண்ணீர்த் தொட்டியும் ஒன்றன்முன் ஒன்றாக வந்தால் படகு சரியான கோட்டில் இருக்கிறது. சற்று விலகினாலும் இரண்டும் பிரிந்து தெரியும். கோட்டிலேயே போய்க் கயிறு விட்டு ஆழம் பார்த்தால் பார் தட்டும். முன்பு ஒரு பனைமரம் இந்த வேலையைச் செய்தது. போன மழையில் அது சாய்ந்த பிறகு, கம்பம் தற்செயலாக அந்தக் கோட்டில் வந்து நின்றது.

செல்வகுமாரி குழியைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள்.

"அண்ணே, இந்தக் குழியேதான் வேணும்னு இல்ல. அந்தக் கோட்டு மேல எங்க நட்டாலும் உங்களுக்கு ஒண்ணுதான்!"

கம்பத்தை வாங்கிக்கொண்டு தொட்டியை நோக்கி நடந்தாள். நடேசன் குழியருகே நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

"லெஃப்ட்ல போ... லெஃப்ட்டுமா! சோறு துன்ற கைக்கு அந்தாண்ட கை!"

நூறு அடி தள்ளி, கெட்டி மணலில், கம்பம் தொட்டிக்கு நேராக நின்றது.

"மீனு ஒத்துக்கணுமே" என்று சொல்லிவிட்டு நடேசன் படகை எடுத்தார்.

எட்டரைக்குப் போன் வந்தது. "நேராத்தான் கீது. ஆனா குச்சியாட்டம் தெரியுதே!"

தூரம் கூடினால் மெலிந்துதானே தெரியும்? தன் சிவப்புத் துப்பட்டாவை உச்சியில் கட்டினாள். "இப்போ?"

"ஆங்... கயிறு தட்டுது. போனை வைமா, வேலை கீது!"

ஒன்பதேகாலுக்கு நாற்பது பேரும் கம்பத்தைத் தொட்டுக் கைதட்டினார்கள். அதே நேரம், முனையில் பழைய குழி இருந்த கரை பொத்தென்று ஆற்றில் சரிந்தது. செல்வகுமாரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

பிறகு எல்லாரையும் தொட்டிக்கு முதுகு காட்டி, கம்பத்துக்கு நேரே கடலைப் பார்க்கச் சொன்னாள். கோட்டின் முனையில் சின்னதாக ஒரு படகு. நாற்பது பேரும் கையாட்டினார்கள். படகிலிருந்தவர் ஆட்டவில்லை.

"கோவமா அவருக்கு?" என்றார் ஒருவர்.

"இல்லீங்க, ரெண்டு கையிலயும் வலை. நல்ல கனம்போல!"