குதிரைத்தலைக்கு ஒரு பீங்கான் வளையம்

பூர்ணிமாவுக்குத் தம்பி அறிவழகன் மேல் கோபம் கோபமாக வந்தது. சென்னையில் ஆசை ஆசையாகத் தொலைநோக்கி வாங்கினான். சீக்கிரமே சலித்துப்போய் அக்கா தலையில் கட்டினான். அவள் அதை உயிராக நினைத்து, வானத்தைப் படமெடுக்கப் பழகிய பிறகு இப்போது விற்கப்போகிறானாம்.

"ஞாயித்துக்கெழம ஆளு வராருக்கா. அதுக்குள்ள குதிரைத்தலை நெபுலாவ ஒழுங்கா ஒரு படம் எடுத்துக் காட்டு, உனக்கே விட்டுடறேன்" என்று பெரிய மனசு பண்ணினான்.

அந்த விண்மேகத்தை எடுக்க வளையம் வேண்டுமே! கேமராவையும் குழலையும் சரியான தூரத்தில் நிறுத்தும் பிளாஸ்டிக் வளையம், வேப்பூர் பஸ் நெரிசலில் உடைந்திருந்தது. அது இல்லாமல் எடுத்த படத்தில் ஓரத்து நட்சத்திரங்களுக்கெல்லாம் வால் முளைத்திருந்தது. புதுசு வர ஒரு மாதமாகுமாம்.

ஊரே பீங்கானில் பிழைக்கிறது, ஒரு வளையத்துக்கா பஞ்சம்? சூளையில் பீங்கான் சுருங்கும் என்பது விருத்தாசலத்தில் எல்லோருக்கும் தெரியும். பூர்ணிமா அளவைக் கூட்டியே வரைந்து கொடுத்தாள். பொம்மைக் கம்பெனியில் அச்சு செய்கிற அவள் புருஷன் ராஜ்மோகன், கைப்பழக்கத்தில் தன் பங்குக்கும் கூட்டிவிட்டான். வெள்ளிக்கிழமை சூளையிலிருந்து வந்த வளையம் கொழுத்துப்போய் உட்கார்ந்திருந்தது.

"நான்தான் கூட்டிட்டேனே!"

"அத சொல்ல வேணாமா? அச்சுக்காரன் கூட்டாம வேற யாரு கூட்டுவாங்க?"

சண்டைக்கு நேரமில்லை. கண்ணாடிப் பலகையில் எமரித் தூளும் தண்ணீரும் விட்டு, வளையத்தை மாறி மாறித் தேய்த்தார்கள். சனிக்கிழமை மதியம் தடிமன் சரியாக வந்தபோது ராஜ்மோகனுக்கு விரல்நுனியில் தோல் இல்லை. வாய் மட்டும் ஓயவில்லை.

தை அமாவாசைக்கு மறுநாள் அது. இருட்டியதும் கருவேப்பிலங்குறிச்சி வயல்வெளியில் தொலைநோக்கியை நிறுத்தினார்கள். வளையம் கச்சிதமாக உட்கார்ந்தது. எடுத்த படங்களை லேப்டாப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தாள் பூர்ணிமா. ஓரத்து நட்சத்திரங்கள் கடுகு மாதிரி உருண்டையாக நின்றன. நடுவில், சிவந்த புகைக்கு முன்னால், கறுப்பாக ஒரு குதிரைத்தலை எழுந்தது.

அவள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கொட்டகை மாடுகள் மிரண்டு எழுந்தன. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

பொம்மைக் குதிரைகளோடு குடித்தனம் நடத்தும் ராஜ்மோகன் உற்றுப் பார்த்தான். "காதுதான் கொஞ்சம் சரியா வரல. கழுத்து பிரமாதம்!"

ஞாயிறு காலை, வாங்க வந்த சேரனோடு அறிவழகன் வீட்டுக்கு வந்தான். படத்தைப் பார்த்தவன் ஓரத்து நட்சத்திரங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"நீ ஜெயிச்சிட்டக்கா. இது உனக்குத்தான்" என்றான். பிறகு சேரன் பக்கம் திரும்பி அசடு வழிந்தான். "மன்னிச்சுக்குங்க சார்."

சேரன் அதைக் காதிலேயே வாங்கவில்லை. குனிந்து வளையத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட இருக்கற தொலைநோக்கியிலயும் அந்தப் பிளாஸ்டிக்குதாங்க, வெயில்ல வளைஞ்சு போச்சு. எனக்கு ஒண்ணு செஞ்சு தருவீங்களா?"

ராஜ்மோகன் வாயைத் திறப்பதற்குள் பூர்ணிமா பென்சிலை எடுத்துவிட்டாள்.

"தாராளமா. ஏங்க, அளவ நான் கூட்டிக்கறேன். நீங்க அச்ச மட்டும் செய்யுங்க!"