மூன்றாம் தரப்புச் சான்று

பதக்கத்தை அப்பாவின் கோட்டில் இடப்பக்கம் குத்துவதா, வலப்பக்கம் குத்துவதா என்று கிறிஸ்டியன் கேட்டான். கேட்டது தங்கச்சி அனோஜாவிடம். அவள் குண்டூசிகளைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பாவைக் கிடத்தியிருந்த சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்றாள்.

"எந்தப் பக்கம் குத்துனா என்னண்ணே? அவருக்கு வலிக்கவா போகுது."

"நக்கல் பண்ணாத. போட்டோ எடுப்பாங்க. அமைச்சரோட இணைப்புச் செயலாளர் வர்றாரு."

மூன்று பதக்கங்கள். சேவைத் திலகம், கல்விச் செம்மல், மலைநாட்டுச் சுடர். மூன்றையும் கொடுத்த சங்கங்களின் பெயர்ப்பலகையை அந்தந்த நாளுக்கு முன்னும் யாரும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கல்விச் செம்மல் வாங்கப் போன அன்று, தனக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடையை அப்பா வீட்டிலிருந்தே மடித்து எடுத்துப் போனார். அதற்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தவள் அம்மா. மேடையில் யாரோ அதைப் போர்த்தியபோது, சற்றும் எதிர்பாராதவர்போல அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டதை அனோஜா முன்வரிசையிலிருந்து பார்த்தாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. அதற்குப் பிறகு அவரை மதிக்க அவளால் முடியவே இல்லை.

லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் முப்பது வருடம் இருந்து, அதிபராக ஓய்வு பெற்றவர் மத்தியாஸ். கல்யாண வீடென்றால் மாப்பிள்ளையாகவும் சாவு வீடென்றால் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிறவர் என்று ஆசிரியர் அறையில் அவரைப் பற்றிச் சொல்வார்கள். இன்று அதில் பாதி ஆசை நிறைவேறிவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன், ஹட்டனில் கணினி சொல்லிக்கொடுக்கும் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, இணையக் கலைக்களஞ்சியத்துக்குத் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். 'பன்முக ஆளுமை' என்று தொடங்கி 'எளிமையின் சிகரம்' என்று முடிந்தது. போன வியாழக்கிழமை அந்தப் பக்கத்தின் தலையில் ஒரு சிவப்புக் கட்டம் ஏறியது: இவர் கலைக்களஞ்சியத்தில் இடம்பெறத் தக்கவர்தானா? மூன்றாம் தரப்புச் சான்று ஒன்றாவது தேவை. ஏழு நாள் பார்த்துவிட்டு நீக்கப்படும்.

படுக்கையில் கிடந்த அப்பா தினமும் கேட்டார். "வெட்டிட்டாங்களா?"

"இல்லப்பா, இருக்கு."

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் வாயிலிருந்து வந்த கடைசிக் கேள்வியும் அதுதான். ஒன்பது மாதம் மலசலம் அள்ளிய அம்மா கால்மாட்டில் நின்றாள். அவள் பக்கம் அவர் திரும்பவில்லை. ஒரு மனிதன் சாகிறபோதாவது கொஞ்சம் பெரியவனாகக் கூடாதா என்று அனோஜாவுக்கு எரிச்சல் வந்தது. இழவு வீட்டில் இரண்டு நாளாகியும் அந்த எரிச்சல் ஆறவில்லை.

இன்று வியாழன். மூன்று மணிக்கு அடக்கம். கொழும்பில் பயண முகவர் நிலையமொன்றில் வேலை செய்யும் கிறிஸ்டியன், அந்தக் கட்டுரையைக் கலரில் அச்செடுத்துப் பலகையில் ஒட்டி வாசலில் நிறுத்தியிருந்தான். பக்கத்தில் ஒரு மேசை. மேசையில் அனுதாபக் குறிப்பு எழுத ஒரு தடித்த கொப்பி, இரண்டு பேனை, ஒரு மைப்பெட்டி.

"மைப்பெட்டி எதுக்குண்ணே?"

"தோட்டத்துப் பொம்பளைங்க வருவாங்கல்ல. கைநாட்டு வைக்கணுமே."

அனோஜா அவன் முகத்தையே பார்த்தாள். அவன் கேலி செய்யவில்லை. தோட்டத்து வீட்டில் பிறந்து, ஹட்டன் விடுதியில் தங்கிப் படித்து, கொழும்புக்குப் போனவன். அப்பாவின் மூக்கு அவனுக்கு அப்படியே வாய்த்திருந்தது. மூக்கோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

பதக்கம் குத்தி முடிந்ததும் அவளைக் குசினிப் பக்கம் கூட்டிப்போய், சட்டைப்பையிலிருந்து பழுத்துப்போன பத்திரிகைத் துண்டொன்றை எடுத்தான்.

"அப்பாவோட பைல்ல இருந்திச்சி. தொண்ணூத்தாறாம் வருசம். நீ போய் இத ஏத்திரு. சான்று சான்றுன்னு கத்துறானுங்கல்ல."

அனோஜா வாசித்தாள். தோட்டப் பெண்களுக்கு மாலை வகுப்பு என்று தலைப்பு. கீழே, வேலை முடிந்து வரும் பெண்களுக்குப் பிள்ளைக்காம்பராவில் எழுத்தறிவித்து, நாற்பது பேரைக் கையெழுத்திட வைத்திருக்கிறார் திருமதி மத்தியாஸ்.

"இது அம்மா பத்தினது."

"தெரியும். 'திருமதி' மேல டிப்பெக்ஸ் வெள்ளையத் தடவிட்டு ஸ்கேன் பண்ணு. ஒரு சொல்லுதானே. கட்டுரையிலயும் அப்பா தொடங்குனாருன்னுதானே இருக்கு."

இருந்தது. 'பெண்களின் எழுத்தறிவுக்காக 1993இல் மாலை வகுப்பை நிறுவி நடத்தினார்.' எட்டாவது வரி. அடித்தவள் அவளேதான்.

அந்த வகுப்புக்கு அப்பா செய்த உபகாரம் ஒன்றே ஒன்று. சோறு நேரத்துக்கு வரவில்லை என்று தட்டை வாசலில் வீசினார். வகுப்பு தொடங்கியதற்குக் காரணம் கொழுந்து பறிக்கும் வீரம்மா. என்ன காகிதமென்று தெரியாமல் கைநாட்டு வைத்து, தான் வேறு தொழிற்சங்கத்துக்கு மாறிப்போன சேதியை ஆறு மாதம் கழித்துத்தான் அவள் அறிந்தாள். பிள்ளைக்காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக இருந்த அம்மாவிடம் வந்து, "எம் பேர மட்டும் எழுதக் காட்டுங்கக்கா" என்றாள். மறுநாள் ஐந்து பேர் வந்தார்கள். குழந்தைகள் போன பிறகு, தொட்டில்களை ஒதுக்கிவிட்டு, தரையில் உட்கார்ந்து எழுதினார்கள். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள் சிலேட்டுக்குச்சியை உடைத்துக்கொண்டே இருந்தன. சிலேட்டுகளைத் துடைத்துக் கொடுத்தது பத்து வயது அனோஜா.

"ஒரு மணிக்கு ஏழு நாள் முடியுது. சீக்கிரம் போ" என்றான் கிறிஸ்டியன்.

அவள் வாசலுக்கு வந்தபோது அம்மா அந்தோனியம்மா பலகையின் முன் நின்றிருந்தாள். கணினிக்குள் இருந்தவரை அந்தக் கட்டுரை அந்தோனியம்மாவின் கண்ணில் பட்டதில்லை. ஒவ்வொரு வரியாக, அவசரமில்லாமல் வாசித்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"இந்த வரிய எழுதுனது யாரு?"

"அப்பா சொன்னாரு. நான் அடிச்சேன்."

"ஒனக்குத் தெரியாதா?"

அனோஜாவுக்கு முகம் எரிந்தது. அப்பாவைக் கேவலமாக நினைத்த நேரத்தில், தட்டச்சுப் பலகையில் கையை வைத்திருந்தது தான்தானே என்ற நினைப்பு இதுவரை வரவில்லை.

"தெரியும்மா."

அம்மா லேஞ்சியால் மூக்கைத் துடைத்து, அதை நாலாக மடித்தாள். "அத மட்டும் எடுத்துரு. மத்ததெல்லாம் அவரு வச்சிக்கட்டும்."

"அதுக்கு மட்டுந்தாம்மா சாட்சி இருக்கு. அத எடுத்தா மத்தது நிக்காது. மொத்தமா போயிரும்."

உள்ளே யாரோ ஜெபமாலை சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அம்மா மடித்த லேஞ்சியை மறுபடி விரித்து, மறுபடி மடித்தாள்.

"எடுத்துரு" என்றாள்.

லிந்துலைக் கடைவீதியில், தொலைபேசி எடுக்கும் கடைக்குள் இரண்டு கணினி இருந்தன. பன்னிரண்டரைக்கு அனோஜா அதில் ஒன்றின் முன் உட்கார்ந்தாள். கட்டுரையோடு இணைந்த உரையாடல் பக்கத்தில் தொகுப்பாளர்கள் மூன்று பேர் அப்பாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் முகமில்லை. தாமே எழுதிய தன்வரலாறு என்றார் ஒருவர். பட்டங்களின் பட்டியல் கட்டுரையாகாது என்றார் இன்னொருவர். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு யாருக்கு இடமுண்டு, யாருக்கு இடமில்லை என்று பிரித்துப் போடுகிற இவர்கள், தங்களைச் சித்திரகுப்தனின் கணக்கப்பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்கிறார்களாக்கும். ஆனால் அவர்கள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கசந்தது.

டிப்பெக்ஸ் குப்பியும் பத்திரிகைத் துண்டும் கைப்பையில் இருந்தன. அவள் கட்டுரையைத் திறந்து எட்டாவது வரியை அழித்தாள். பிறகு உரையாடல் பக்கத்தில் எழுதினாள்: மாலை வகுப்பு பற்றிய வரி பொய். அதை நீக்கியிருக்கிறேன்.

நாலு நிமிடத்தில் பதில் வந்தது. 'நீங்கள் யார்?'

'மகள். கட்டுரையைத் தட்டச்சு செய்தவளும் நான்தான்.'

பிறகு: 'நன்றி. அப்படியானால் நீக்குவதில் தடையில்லை. அந்த வகுப்பை நடத்தியது யார்?'

'அந்தோனியம்மா.'

'அவரைப் பற்றி அச்சில் ஏதாவது உண்டா? பெயர் வந்திருக்க வேண்டும்.'

அவள் பத்திரிகைத் துண்டை எடுத்து மேசையில் விரித்தாள். மேலிருந்து கீழ்வரை மறுபடி வாசித்தாள். திருமதி மத்தியாஸ். நாற்பது பெண்களுக்கு அவரவர் பெயரை எழுதச் சொல்லிக் கொடுத்தவளின் பெயரைக் கேட்க வேண்டும் என்று அந்த நிருபனுக்குத் தோன்றவில்லை.

'இல்லை' என்று அடித்தாள்.

ஒரு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பக்கம் போயிற்று. இப்பெயரில் கட்டுரை எதுவும் இல்லை, நீங்கள் விரும்பினால் தொடங்கலாம் என்று வெள்ளையாக ஒரு பெட்டி வந்து நின்றது. அவளுக்கு அழுகை வந்தது. அது அப்பாவுக்காக இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் கூட்டம் சேர்ந்திருந்தது. கிறிஸ்டியன் புருவத்தை உயர்த்தி என்ன என்று கேட்டான்.

"ஆச்சு" என்றாள் அனோஜா.

இணைப்புச் செயலாளர் கணேசமூர்த்தி இரண்டரைக்கு வந்தார். சவப்பெட்டியை ஒருமுறை பார்த்தார், படம் பிடிப்பவன் எங்கே நிற்கிறான் என்று இரண்டுமுறை பார்த்தார். பிறகு வாசல் பலகையைப் பார்த்தபடி பேசினார். "அய்யாவ நமக்குத் தெரியும்கிறது பெருசில்ல. ஒலகத்துக்கே தெரியும். எந்த நாட்டுல இருந்தும் கம்பியூட்டர்ல மத்தியாஸ்னு அடிங்க, வரும். மண்ணு மூடுனாலும் அந்தப் பேர யாராலயும் அழிக்க முடியாது."

கிறிஸ்டியன் கண்ணைத் துடைத்தான். பொன்னாடை போர்த்தியபோது அப்பா துடைத்துக்கொண்ட அதே மாதிரி. நாளைக்குக் கொழும்புக்குப் போய்க் கணினியைத் திறக்கும்வரை அவன் சந்தோசமாக இருக்கட்டும் என்று அனோஜா விட்டுவிட்டாள். செயலாளர் கல்லறைக்கு வரவில்லை. அவருக்குப் பூண்டுலோயாவில் இன்னொரு சாவு இருந்தது.

மலைச்சரிவில் தூறல் விழுந்துகொண்டிருக்கும்போதே அப்பாவை அடக்கினார்கள். சிலுவையில் எழுதுகிறவனிடம் மூன்று பட்டத்தையும் போடச் சொல்லியிருந்தான் கிறிஸ்டியன். குறுக்குச் சட்டத்தில் இடம் போதாமல் எழுதியவன் 'கல்விச்' என்பதோடு நிறுத்திவிட்டிருந்தான்.

எல்லாரும் போன பிறகு அம்மா குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, வாசல் மேசைப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கிறிஸ்டியன் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"கணேசமூர்த்தி எழுதுனதப் பாருங்கம்மா. இங்கிலீசுல ஒரு பக்கம்."

"தா."

அம்மா அந்தப் பக்கத்தை வாசிக்காமல் தள்ளினாள். அதிபர்களும் சங்கத் தலைவர்களும் எழுதிய பக்கங்களையும் தள்ளினாள். பிறகு நிறுத்தினாள். அந்தப் பக்கத்தில் அனுதாபம் என்று ஒன்றும் இல்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக வெறும் பெயர்கள், பெரிய பெரிய எழுத்தில். அடுத்த பக்கமும் அப்படியே. வரி கோணாமல் இருக்க விரலை வைத்து அளந்து எழுதியிருந்தார்கள்.

"மலையில இருந்து நேரா வந்தாங்க" என்றான் கிறிஸ்டியன். "ஒவ்வொருத்தியும் அஞ்சு நிமிசம் எடுத்துக்கிட்டாளுங்க. பின்னால வரிச நின்னிருச்சி. ஒரு வார்த்த எழுதல, பேர மட்டும் எழுதிட்டுப் போய்ட்டாளுங்க."

அம்மா ஒவ்வொரு பெயரின் மேலும் விரலை வைத்து மெதுவாக இறக்கினாள். வீரம்மா. பூரணி. அம்மாக்கண்ணு. பேனையை அழுத்திப் பிடித்ததில் தாளின் பின்பக்கம் தடித்திருந்தது. தாளைத் திருப்பி அந்தத் தடிப்பையும் தடவிப் பார்த்தாள்.

அனோஜா கைப்பையிலிருந்து பத்திரிகைத் துண்டை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். அம்மா அதை வாங்கி, வாசிக்காமல், அந்தப் பக்கத்துக்குள் வைத்துக் கொப்பியை மூடினாள். பிறகு மேசையிலிருந்த மைப்பெட்டியை எடுத்து, மகனின் பயணப்பையின் மேல் கொண்டுபோய் வைத்தாள். கடையில் சுற்றிக் கொடுத்த கண்ணாடித்தாள் அதன்மேல் பிரிக்கப்படாமலே இருந்தது.