தங்கதுரை எண்ணெய் தேய்த்துக் குளித்த சனிக்கிழமை

கண்ணுகளா, இப்படிக் கிட்ட வாருங்கள். மின்விசிறிக் காற்று எல்லோருக்கும் எட்டும், இடித்துக்கொள்ள வேண்டாம். வீரபாண்டியில் ஒரு குளியலறை பட்ட பாட்டையும், அதற்குத் தரை போட்டவர் பட்ட பாட்டையும் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள், வயிறு நோகும்.

சித்ராதேவிக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த பனியனை மேசைமேல் விரித்து, தையல் விட்ட இடத்தையும் ஓட்டை விழுந்த இடத்தையும் கண்ணால் துழாவி, அம்புக்குறி போட்ட குட்டி ஸ்டிக்கரை அங்கே ஒட்டுவாள். ஸ்டிக்கர் வாங்கின பனியன், தைத்தவர் கைக்கே திரும்பிப் போகும். உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். புருஷன் ராஜ்கமல் கட்டிங் மாஸ்டர், அதிர்ந்து பேசாதவன். சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு வீடும் கட்டிக்கொண்டார்கள்.

அவளுடைய மாமனார் குருசாமிக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து, புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வரவேண்டும். "கீழே மட்டும் விழ விட்றாதீங்க. இன்னொரு அடியை அந்தக் கால் தாங்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் குளியலறையின் பழைய வழுக்குத் தரையைப் பெயர்த்துவிட்டு, சொரசொரப்பான டைல்ஸ் போடத் தங்கதுரையைக் கூப்பிட்டாள்.

தங்கதுரையின் வாய்க்குத் தனியாகச் சர்க்கரை வேண்டாம். தெருநாயைக்கூட, "கொஞ்சம் தள்ளிப் படுத்துக்குங்க சாமி" என்பார். அந்த மரியாதையில் பாதியைத் தரைக்கும் காட்டியிருக்கலாம். வேலை முடிந்து முதல் வாளித் தண்ணீரை ஊற்றினால், அது வடிகால் ஓட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நிலைப்படியைத் தாண்டி, ஹாலுக்குப் போய் டிவிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது.

"என்னண்ணே இது, தண்ணி வீட்டுக்குள்ள வருது!"

"புதுத் தரைங்க அம்மிணி. தண்ணிக்கு இன்னும் வழி பழகலைங்க."

"பழக்கிறதுக்கு அது என்ன கன்னுக்குட்டியாண்ணே? தரை மட்டமா இருக்கான்னு ரசமட்டம் வச்சுப் பாத்தீகளா இல்லையா?"

"நம்ம கண்ணே ரசமட்டமுங்க. அதுக்கு மேல ஒண்ணை வெச்சா கண்ணு கோவிச்சுக்குமுங்க."

சித்ராதேவியிடம் ஊர்க்கத்தல் ஒன்று தொண்டையில் தயாராக நின்றது. ஆனால் இத்தனை 'ங்க'வுக்கு நடுவே அதை எங்கே வைப்பது? கத்தல் வெல்லப்பாகில் விழுந்த எறும்புபோல ஒட்டிக்கொண்டது.

"ஏங்க, நீங்களாவது கேட்டா என்ன?" என்று ராஜ்கமல்மேல் பாய்ந்தாள்.

"கேக்கத்தான் போனேன். அவரு டீ வாங்கிக் குடுத்துட்டாரு" என்றான் அவன்.

சரி, தனக்குத் தெரிந்த வழியில் போவோம் என்று கம்பெனியிலிருந்து ஸ்டிக்கர் கொண்டுவந்தாள். தூக்கிக்கொண்டிருந்த டைல்ஸ் முனை, கோணலான குழாய், கொண்டி நிற்காத கதவு, துடைக்காமல் விட்ட வெள்ளைச் சிமெண்ட் காய்ந்து சொரசொரப்பெல்லாம் மூடிப்போன தரை என்று ஓரிடம் விடாமல் ஒட்டினாள். குளியலறை சிவப்பு அம்புகளால் மாரியம்மன் திருவிழாபோல் ஆயிற்று. "அண்ணே, ஸ்டிக்கர் இருக்க இடத்தையெல்லாம் சரி பண்ணிருங்க" என்று போனில் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் வந்து பார்த்தால், ஒரு ஸ்டிக்கர்கூட இல்லை. தங்கதுரை கை கழுவிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் எடுத்தாச்சுங்க அம்மிணி, ஒண்ணு விடலீங்க. நகமே தேஞ்சு போச்சுங்க, என்னமா ஒட்டியிருக்குது!"

"உங்க டைல்ஸும் அப்படி ஒட்டியிருக்கலாம்ண்ணே" என்றாள் அவள். அதற்கும் அவர் சிரித்து, "அது சரிதானுங்க" என்று ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்கிற மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது?

அன்றிரவு படுக்கும்போதுதான் அவளுக்குப் புத்தி விழித்தது. யாருக்கும் 'மாட்டேன்' சொல்லத் தெரியாத மனுஷர் ஆயிற்றே இவர்!

சனிக்கிழமை லீவு போட்டாள். நல்லெண்ணெயை மிளகு போட்டுக் காய்ச்சினாள், சீயக்காய் கரைத்தாள், கொங்குக்காரர் மனம் கரைய அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். ஹாலில் பனியன் வேஸ்ட் துணி மூட்டைகளை ராஜ்கமலை விட்டுக் குளியலறை வாசலுக்கு நேரே வரிசையாகப் போட வைத்தாள்.

"அண்ணே, புதுக் குளியலறையில மொத எண்ணெய்க் குளியல் தரை போட்டவரு குளிக்கணும்னு ஆசைப்படுறோம். வேணாம்னா மனசு சங்கடப்படும்."

"அய்யோ, எனக்கெதுக்குங்க அம்மிணி..." என்று இழுத்தார் தங்கதுரை. ஆனால் அன்பாக அழைத்தவர்களுக்கு முகத்தைத் திருப்புவது அவர் பிறவியிலேயே இல்லை. ராஜ்கமல் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துவிட, இடுப்பில் துண்டோடு உள்ளே போனார்.

முதல் சொம்பு ஊற்றினார். தண்ணீர் காலைச் சுற்றித் தேங்கியது. சீயக்காயைத் தலையில் அப்பியதும் எரிச்சலுக்குப் பயந்து, அந்த ரசமட்டக் கண் இரண்டையும் இறுக மூடிக்கொண்டார். தடவித் தடவிக் குழாயைப் பிடித்தார். குழாய் அவர் கையோடு வந்துவிட்டது. பொத்தென்று உட்கார்ந்தார். உட்கார்ந்தவரைத் தரை சும்மா விடவில்லை. கொண்டி நிற்காத கதவைக் காலால் திறந்துகொண்டு, ஊற்றின தண்ணீரோடு தண்ணீராக நிலைப்படியைத் தாண்டிச் சறுக்கி வந்து, துணி மூட்டையில் மெத்தென்று முட்டி நின்றார். ஒரு கையில் துண்டு, இன்னொரு கையில் குழாய்.

"அம்மிணி, வாட்டம் கொஞ்சம் இந்தப் பக்கமா இருக்குதுங்க."

"அப்படிங்களாண்ணே?" என்றாள் சித்ராதேவி, அவருடைய கொங்குப் பேச்சிலேயே. "புதுத் தரைங்க. உங்களுக்கு இன்னும் வழி பழகலைங்க."

ராஜ்கமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தங்கதுரைக்கும் சிரிப்பு வந்தது. சித்ராதேவி மட்டும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"நீங்க மூட்டை மேல விழுந்தீக அண்ணே. எங்க மாமா விழுந்தா எந்த மூட்டையும் காப்பாத்தாது. இனிமே அவரு எந்திரிச்சு நடக்குறதே இந்தத் தரையை நம்பித்தான்."

தங்கதுரை கண்ணில் வழிந்த சீயக்காயைத் துடைத்தார். கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தார்.

"எலையைப் போடட்டுமாண்ணே?"

"சோறு ஆறட்டுமுங்க" என்று எழுந்தார்.

எண்ணெய்த் தலையோடே உளியை எடுத்தார். கூட்டாளி லிங்கசாமியிடம் ரசமட்டம் இரவல் வாங்கி, டைல்ஸ் ஒவ்வொன்றுக்கும் வைத்துப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து பதித்தார். வெள்ளைச் சிமெண்டைத் தேய்த்துத் துடைத்தார். கைப்பிடி ஒன்றைச் சுவரில் அடித்து, தன் பாரம் முழுவதையும் அதில் தொங்கவிட்டுப் பார்த்தார்.

புதன்கிழமை குருசாமி வந்தார். ராஜ்கமல் தாங்கிப் பிடித்து உள்ளே நாற்காலியில் உட்கார வைத்தான். அழைக்காமலே வந்திருந்த தங்கதுரை, பரீட்சை எழுதின பிள்ளைபோலக் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே தண்ணீர் விழுந்தது. ஓட்டை களுக் களுக்கென்று குடித்தது. தங்கதுரை குனிந்து நிலைப்படியைத் தடவினார், காய்ந்து கிடந்தது.

உள்ளேயிருந்து குருசாமியின் குரல் வந்தது: "ஏத்தா சித்ரா, இன்னொரு வாளி வெந்நி கொண்டாத்தா! இப்பத்தேன் ஒடம்புல உசுரு வருது."

வாளியைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடியது தங்கதுரைதான்.

உங்கள் வீட்டிலும் கண்ணுகளா, தண்ணீர் போகவேண்டிய வழியிலேயே போகட்டும். வயசானவர் கால் வழுக்காமல், குழந்தை கால் இடறாமல், வருகிறவர் வயிறு வாடாமல், உங்கள் குடும்பம் முருகன் அருளால் நிறைந்து இருக்கட்டும்.