மைனர், குளிக்கிற சேவல்

சனிக்கிழமை என்றால் வெயிலுமுத்துவுக்கு எண்ணெய்க் குளியல். அவனுக்கு மட்டுமல்ல, அவன் வளர்த்த சேவல் மைனருக்கும்தான். நாகலாபுரத்துக்குத் தெற்கே அந்தக் கரிசல்காட்டு ஊரில் மனிதர்களே கால் கழுவ யோசிப்பார்கள். நல்ல தண்ணீருக்கு ஓடை தாண்டிப் போக வேண்டும். ஊர்க் கிணற்றில் இருப்பதோ உப்பு. அந்த உப்புத் தண்ணீரிலும் ஒரு குடத்தைச் சேவலுக்கென்று எடுத்து வைக்கிறவனை ஊர் சும்மா விடுமா? வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னது. அவன் காதில் வாங்கவில்லை.

பேனில்தான் ஆரம்பித்தது. குஞ்சாக இருந்தபோது மைனருக்கு உடம்பெல்லாம் பேன் பிடித்துத் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. வேப்பிலை போட்டுக் காய்ச்சின தண்ணீரை ஆறவைத்து முக்கி எடுத்தான். பேன் போயிற்று, பழக்கம் போகவில்லை. மண்சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் கொஞ்சம் சீயக்காய். இறகு போகிற போக்கிலேயே தடவ வேண்டும், எதிர்த்துத் தேய்த்தால் முறிந்துவிடும். சிறகைத் தூக்கி அடியில் கழுவி, கால் செதிலில் வேப்பெண்ணெய் தேய்த்து, கொண்டையில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் வைப்பான். முதலில் மைனர் பாதிக் குளியலிலேயே உதறிச் சீயக்காயை அவன் கண்ணில் அடித்தது. அதனால் அடக்கிப் பழக்கினான். தண்ணீர் கண்ணில் வழிந்தாலும் அது அசையாது. கடைசியில் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "போதும்லே" என்பான். அப்புறம்தான் உதறும். உதறினால் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் குளியல்தான். காய்கிறவரை கூடையால் கவிழ்த்து வைப்பான். இல்லாவிட்டால் நேராகப் போய்க் கரிசல் புழுதியில் புரண்டு காக்கையாகத் திரும்பி வரும்.

"எம்முதுக ஒருநாள் இப்படித் தேச்சி விட்டிருப்பீங்களா?" என்று அடுப்படியிலிருந்து முத்துத்தாய் குரல் வரும். கட்டின பெண்டாட்டி கேட்கிற நியாயமான கேள்விதான். வெயிலுமுத்து மைனரின் வாலைக் கோதிக்கொண்டிருப்பான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில், ஐப்பசி மழையோடு வெயிலுமுத்துவுக்கு மஞ்சள்காமாலை வந்தது. கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் கண் தொடங்கி நகம் வரை மஞ்சளாகக் கிடந்தான். முத்துத்தாய் பயந்துபோய் ஊர் மாடசாமியிடம் வேண்டிக்கொண்டாள்: "அவிய எந்திரிச்சி நடந்துட்டா, கொடைக்கு எங்க வீட்டுச் சேவலத் தாரேன்யா."

வீட்டில் இருந்தது ஒரே சேவல்.

வெயிலுமுத்து எழுந்தான், நடந்தான், ஆடு மேய்க்கப் போனான். பங்குனியில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தக்கால் நாட்டின அன்றுதான் முத்துத்தாய் விஷயத்தைச் சொன்னாள். அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தன் உயிருக்குப் பதில் என்று சொல்லிவிட்ட பிறகு எந்த வாயால் மாட்டேன் என்பது?

"விளாத்திகுளம் சந்தையில வேற சேவல் பிடிச்சிட்டு வரட்டுமாட்டி?"

"எங்க வீட்டுச் சேவல்னுல்லா சொல்லிருக்கேன். சாமிகிட்டயே மாத்திப் பேசச் சொல்லுதீங்களா?" என்றாள். சொல்லும்போது அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

கொடையன்று சனிக்கிழமை இல்லை. இருந்தாலும் காலையில் வெந்நீர் போட்டான். கடைசிக் குளியல் என்று நல்ல தண்ணீரே எடுத்தான். சாயங்காலம் மைனர் பளபளவென்று அவன் கக்கத்தில் ஏறிக் கோயிலுக்குப் போனது.

மாடசாமி கோயில் வழக்கம் இதுதான். ஆடோ சேவலோ, பூசாரி அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம்தான் அரிவாள். சிலிர்க்காத உருப்படியை வெட்டக் கூடாது. தண்ணீர் பட்டால் எதுதான் சிலிர்க்காது?

பூசாரி கொம்பையா தெளித்தார். மைனர் கண்ணை மூடிக்கொண்டது.

இன்னும் கொஞ்சம் தெளித்தார். மைனர் சாவகாசமாக இடது சிறகைத் தூக்கிக் காட்டியது, அடியில் கழுவட்டும் என்று. கூட்டத்தில் கொல்லென்று சிரித்தார்கள். கொம்பையாவுக்கு ரோஷம் வந்து சொம்பையே கவிழ்த்தார். மைனர் கழுத்தை நீட்டிக் கொடுத்தது.

"போதும் பூசாரி, தண்ணிய வீணாக்காதீங்க!" என்று யாரோ கத்தினார்கள். அந்த 'போதும்' காதில் விழுந்ததும் வெயிலுமுத்துவுக்கு உயிரே போய் வந்தது. நல்லவேளை, முதுகில் தட்டு விழவில்லை. மைனர் கல்லாக நின்றது.

அப்போதுதான் அவனுக்கு முழுசாக உறைத்தது. தானே பழக்கின பழக்கம். வாயை மூடிக்கொண்டு நின்றால் சேவல் பிழைத்துவிடும்! சந்தோஷத்தில் அவனுக்குக் கை காலே ஓடவில்லை.

"என்ன குத்தமோ, சாமி ஏத்துக்கிட மாட்டேங்குதே. வேண்டிக்கிட்டப்ப சுத்தமா இருந்தியா மதினி?" என்று பக்கத்து வீட்டுச் சத்தியபாமா ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டாள். வெயிலுமுத்து திரும்பிப் பார்த்தான். முத்துத்தாய் தாலியைக் கையில் பிடித்தபடி நின்றாள். முகத்தில் ரத்தமில்லை.

அவன் சந்தோஷம் அங்கேயே வடிந்தது. இனி தான் ஒரு தும்மல் போட்டாலும் இவள் செத்துச் செத்துப் பிழைப்பாளே என்று நினைத்தான். சேவல் போனால் போகட்டும். முன்னால் போய் மைனரின் முதுகுக்குக் கையைக் கொண்டுபோனான். "போ..." என்று வாயெடுத்தான்.

காலில் நறுக்கென்று ஒரு மிதி. பக்கத்தில் முத்துத்தாய். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"பூசாரியய்யா, மூணு மட்டம் கேட்டாச்சில்லா? சாமிக்கு வேண்டாம் போல," என்றாள்.

கொம்பையா சேவலைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார், காலிச் சொம்பைப் பார்த்தார். "ஆமா, அய்யா வேண்டாங்காரு. உசுரோட கொண்டுபோங்க. பதிலுக்குக் கோயிலுக்கு ஒரு மணி வாங்கிக் கட்டிருங்க," என்று விபூதி கொடுத்தார்.

இருவரும் பருத்திக்காட்டு வழியாக வீட்டுக்கு நடந்தார்கள். மைனர் அவன் கக்கத்தில் இன்னும் நனைந்தபடி, அசையாமல் இருந்தது. கோயில் மேளம் மெலிந்து கேட்கிற தூரம் வந்ததும் முத்துத்தாய் நின்றாள். மைனரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "போதும்லே" என்றாள்.

மைனர் உதறிய உதறலில் இருவர் முகத்திலும் மஞ்சள் தண்ணீர்.

"ஏட்டி, ஒனக்குத் தெரியுமா?"

"சனிக்கெழம தவறாமப் பாக்கேன், தெரியாதாக்கும்?"

"பெறகு எதுக்குட்டி தாலியப் பிடிச்சிட்டு அப்படி நின்ன? சாமிகிட்டப் பயமா இல்லையா?"

"இல்லாம என்ன, இப்பவும் இருக்கு." அவள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். "ஆனா நீங்க எனக்காகக் கையக் கொண்டுபோனீங்க பாருங்க, அதுக்கு மேல என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியல. சாமிக்கும் எல்லாம் தெரியும். அவரே பேசாம இருந்துட்டாரு, நான் எதுக்குச் சொல்லணும்?"

வெயிலுமுத்து மைனரின் கொண்டையைத் தடவினான்.

"அத விடுங்க," என்று முத்துத்தாய் முன்னால் நடந்தாள். "இந்தச் சனிக்கெழம மொத வெந்நி எம்முதுகுக்கு. மிஞ்சுனா மைனருக்கு."