தைத்த பஞ்சு

“அந்தத் தோளைப் பிடி. திருப்பினாத்தானே முதுகைக் கழுவ முடியும்?” என்றாள் நாத்தனார். குரலில் துக்கம் பாதி, துப்பறிதல் பாதி.

மருமகள் பிடித்தாள்.

மாமியார் காலையில்தான் போய்ச் சேர்ந்தார். ஒரு வருடமாகப் படுக்கை. நாத்தனார் வாங்கி அனுப்பிய ரப்பர் விரிப்பைச் சுருட்டி அலமாரி மேல் போட்டுவிட்டு, தான் வேலை பார்க்கும் ஆலையிலிருந்து வெட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்து விரித்தவள் இந்த மருமகள். நெய்த துணியுமில்லை, பின்னியதுமில்லை. பஞ்சைத் தாளாகப் பரப்பி, இயந்திர ஊசிகள் வரிசை வரிசையாகத் தைத்துத் தரும் சரக்கு. செருப்புக்கு உள்ளே, மெத்தைக்கு அடியே, தரை துடைக்க என்று பல இடத்துக்கும் போகும். கடைசி உபயோகம் மட்டும் தெரு முழுக்கத் தெரியும்.

“தரை துடைக்கிற துணியில எங்கம்மாவைப் போட்டு வெச்சிருக்கா!” என்று நாத்தனார் எதிர்வீட்டுக்காரியிடம் போனில் சொல்லியிருந்தாள். அதற்குமேல் வேறு யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“ஈரத்தை இழுத்துக்கும் அண்ணி, காத்தும் போகும், துவைச்சாலும் பிரியாது” என்று மருமகள் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்?

இப்போது அவள் பயம் வேறு. கடைசி இரண்டு நாள் மாமியார் வலி தாங்காமல், “என்னைத் தொடாதம்மா” என்று கெஞ்ச, அவள் புரட்டிப் படுக்கவைக்கவேயில்லை. அதற்குள் படுக்கைப் புண் வந்திருந்தால்? தெரு ஆயுசுக்கும் விடாது. தெருவை விடுங்கள், அவளே விடமாட்டாள்.

எதிர்வீட்டுக்காரி, தண்ணீர் வாளியோடு உதவிக்கு வந்தவள்போல் கழுத்தை நீட்டினாள்.

திருப்பினார்கள்.

புண் இல்லை. தோல் எங்கும் உரியவில்லை. தோள் முதல் இடுப்பு வரை தையல் வரிசை மட்டும் பதிந்து, கோடு போட்ட தாள்போல இருந்தது முதுகு. நாத்தனார் ஒரு கோட்டின்மேல் விரலை ஓட்டினாள். அழுத்திப் பார்த்தாள்.

“அவ்வளவுதானா?” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

“வேற என்ன பார்க்க வந்தீங்க? தண்ணியை ஊத்துங்க” என்றாள் நாத்தனார்.

குளிப்பாட்டி, உடுத்தி, முன்னறையில் கிடத்தினார்கள். மருமகள் சுவரோரம் உட்கார்ந்தாள். இனி அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் தலை மெல்லச் சரிந்தது.

“ஐயோ, மயங்கிட்டா!”

சின்னதாக ஒரு குறட்டை வந்தது. எதிர்வீட்டுக்காரிக்கு ஒரு மாதம் பேச இது போதும்.

“அடியம்மா! தூங்குறா பாருங்க!”

“மெதுவா பேசுங்க” என்றாள் நாத்தனார். எழுந்துபோய், தன் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மேசை விசிறியை மருமகள் பக்கம் திருப்பி வைத்தாள்.