புரட்டாசிச் சனிக்கிழமை பரீட்சை

எல்லைக்கோட்டை மாற்றிப் போட்டு, வரதய்யபாளையம் பக்கத்து ஊர்களை ஆந்திராவில் சேர்த்த வருஷம் அது. அங்கே தமிழ் வாத்தியாராக இருந்த கோவர்த்தனனுக்கு உத்தரவு வந்தது. தெலுங்குப் பரீட்சையில் தேறினால் வேலை, இல்லையென்றால் வீடு. பரீட்சை திருப்பதியில். நாள்தான் வந்து வாய்த்தது, புரட்டாசிச் சனிக்கிழமையாக.

அவன் வீட்டார் பெருமாளைக் கும்பிடுகிறவர்கள். அன்றைக்குத் தளிகைச் சோறு படைத்துக் கோவிந்தா சொல்லும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படாது.

"ரெண்டு வாய் கூழாவது குடிச்சுட்டுப் போங்க. பெருமாள் ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு" என்றாள் மனைவி தாட்சாயணி.

"இன்னிக்கிப் போயி விரதத்த உடுவனா? அவரு பாத்துக்கினுதான கீறாரு."

மகள் செல்வியும் கிண்ணத்தைத் தள்ளினாள். "நைனா துன்னாம நானும் துன்னமாட்டேன்."

அவனுக்குப் பெருமையாக இருந்தது. மலைமேல் இருப்பவருக்கு வேளை தவறாமல் நைவேத்தியம் நடக்கிறது என்பதை அந்த வீட்டில் யாரும் யோசிக்கவில்லை.

பஸ்ஸில் நின்றுகொண்டே போனான். அவன் முறை வரும்போது உச்சி வெயில். ஜன்னலில் மலை தெரிந்தது. அதிகாரி நாகபூஷணம் புத்தகத்தை நீட்டி, "சதவண்டி மாஸ்டாரு" என்றார். படிக்கத்தான் சொன்னார். ஆறு மாதம் மண்டையில் ஏற்றிய எழுத்துகள் பூச்சி பூச்சியாய்ப் பறந்தன. வாய் திறந்தான். சத்தம் வரவில்லை. அப்படியே சாய்ந்தான்.

தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள்.

"காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்று தெலுங்கில் கேட்டார் நாகபூஷணம்.

"சனிவாரம்..." என்றான்.

"நானும் சனிவார விரதக்காரன்தான். சோறு தொடமாட்டேன். இட்லி தின்றுவிட்டுத்தான் வந்தேன்" என்றார் அவர். குத்திக்காட்டவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். பிறகு, தேறவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கோவர்த்தனனுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. உடம்பு யாருடையதோ போல இருந்தது. வீடு திரும்பியபோது செல்வி தலைவலியோடு சுருண்டு படுத்திருந்தாள். தளிகை ஆறிப் போயிருந்தது.

திங்கட்கிழமை காலை செல்வி கூழைக் குடித்துவிட்டுப் பையை எடுத்தாள்.

"நைனா, நீ பள்ளிக்கூடத்துக்கு வரல?"

"நீ போம்மா."

தாட்சாயணி அவன் முன்னால் கிண்ணத்தை வைத்தாள். மறுபேச்சில்லாமல் குடித்தான். இன்னொரு கிண்ணம் ஊற்றினாள், அதையும் குடித்தான். வயிறு நிறைந்துவிட்டது. எழுந்து போவதற்குத்தான் இடமில்லை.