பத்துநிமிஷம் வீட்டில் ஏரி

ஊர் ஏரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிளம்பர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து, இரண்டாம் மாடியில் ஏழு நாள் தங்கியது. பிளம்பருக்கு ஊரில் பத்துநிமிஷம் என்று பெயர். யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் "பத்து நிமிஷத்துல அங்க இருப்பேன்" என்பார். மறுநாள் போய் நிற்பார். கைராசிக்காரர் என்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வீட்டில் அவரை யாரும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மனைவி பார்க்கிற பார்வையே போதுமானதாக இருந்தது.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் குடும்பமாக வெளியே கிளம்பியது அன்றுதான் முதல் தடவை. வேனின் பின்பக்கம் குழாய்த் துண்டுகளுக்கும் ஸ்பானர்களுக்கும் நடுவில் எட்டு வயசுப் பெரியவளும் நாலு வயசுச் சின்னவளும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏரியில் வாத்து மாதிரி செய்த மிதிபடகில் போவதாகத் திட்டம். சின்னவள் மூன்று நாளாகத் தூக்கத்திலும் மிதித்து அம்மாவின் வயிற்றைப் பதம் பார்த்திருந்தாள். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, படகுக்காரர் "அடுத்தது நீங்க" என்று கை காட்டிய சமயத்தில் போன் அடித்தது. எங்கேயோ ஒரு ஹோட்டலில் குழாய் வெடித்து, சாப்பிட வந்தவர்கள் நாற்காலி மேல் ஏறி நிற்கிறார்களாம். பத்துநிமிஷம் போனில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, குழந்தைகளிடம், "இன்னொரு நாள் வரலாம்டா" என்றார். மனைவி சாப்பாட்டு டப்பாவைப் படாரென்று மூடினாள். பெரியவள் ஓவென்று அழுதாள்.

சின்னவள் அழவில்லை. யாரிடம் விடைபெற்றாலும் நம் வீட்டுக்கு வரச்சொல்ல வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். ஊசி போட்ட டாக்டரைக்கூட அவள் அப்படி அழைத்ததுண்டு. கரையோரம் போய்க் குனிந்து ஏரியிடம், "எங்கப்பாவுக்கு வேலை இருக்காம். நீங்க எங்க வீட்டுக்கு வாங்க. கண்டிப்பா வரணும், என்ன?" என்றாள். இதெல்லாம் பேச்சுக்குச் சொல்வது, கூப்பிட்டார்களே என்று யாரும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவதில்லை. ஏரிக்கு அது தெரியவில்லை. அதுவரை அதை யாரும் எங்கேயும் அழைத்ததே இல்லை.

வேனுக்குப் பின்னாலேயே வந்தது. சிவப்பு விளக்குக்கு நின்றது. மாடிப்படியில் இறங்கி வந்தவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டது. வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் தன் சேற்றை எல்லாம் விட்டுவிட்டு, மீன்களோடு உள்ளே வந்து இடுப்பளவுக்கு அமர்ந்தது. அது வந்ததிலிருந்து கூடம் கொஞ்சம் அகலமாகவே இருந்தது. மனைவி முதலில் திகைத்தாள். பிறகு விருந்தாளியாயிற்றே என்று மின்விசிறியைப் போட்டுவிட்டாள். ஏரி சிற்றலை விட்டது.

குடும்பத்தை வாசலில் இறக்கிவிட்ட கையோடு போய், ஹோட்டல் வேலையை முடித்துவிட்டு வந்த பத்துநிமிஷத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊர்த் தண்ணீரை எல்லாம் அடக்குகிற மனிதன் வீட்டிலேயே இப்படி என்றால் தொழில் என்னாவது? கீழ்வீட்டுக்காரர் மட்டும், "ஒரு சொட்டு கூட எங்க வீட்டுக்கு இறங்கலைங்க, என்ன வேலை சுத்தம்!" என்று மெச்சிவிட்டுப் போனார். அந்தப் பெருமை அரை மணி நேரம் தாங்கியது. அடுத்த நாள் மோட்டார் வைத்து இறைத்துப் பார்த்தார், காற்றுதான் வந்தது. குளியலறைச் சாக்கடை மூடியைத் திறந்தார். ஏரி அந்தப் பக்கம் போகாமல் நாகரிகமாக நகர்ந்துகொண்டது. செவ்வாய்க்கிழமை படகுக்காரர் ஒரு வாத்துப் படகைத் தலையில் சுமந்து மேலே வந்தார். ஏரி இருக்கிற இடத்தில்தானே அவருக்கு வேலை என்று ஜன்னல் கம்பியில் அதைக் கட்டிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பெரியவள் ஆசையாக ஏறப்போனாள். சின்னவள் விடவில்லை. "அப்பா வந்தாத்தான்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை நகராட்சி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. வரும் ஞாயிறு மாலைக்குள் ஏரி பழைய இடத்தில் இருக்க வேண்டும், தவறினால் பிளம்பர் லைசென்ஸ் ரத்து. அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். ஞாயிறு மத்தியானம் வரை இன்னும் இரண்டு மோட்டார் இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு, நனைந்த கால்சட்டையோடு அலமாரி மேல் ஏறி உட்கார்ந்தார்.

மனைவி சொன்னாள்: "ஏழு நாளா வந்து உக்காந்திருக்கு. போ போன்னுதான் சொல்றீங்க. எதுக்கு வந்துச்சுன்னு கேட்டீங்களா?"

அவர் படகைப் பார்த்தார். ஜன்னலோரம் காலை ஆட்டிக்கொண்டிருந்த சின்னவளைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. இறங்கி வந்து, "வாங்கடா, ஒரு பத்து நிமிஷம்..." என்று தொடங்கி, வாயை மூடிக்கொண்டார். எல்லோரும் படகில் ஏறினார்கள். அப்போது போன் அடித்தது. நோட்டீஸில் கையெழுத்துப் போட்ட அதே அதிகாரி. அவர் வீட்டுத் தொட்டி நிரம்பி வழிகிறதாம், உடனே வர வேண்டுமாம். லைசென்ஸ் அந்தக் கையில்தான் இருக்கிறது என்பது பத்துநிமிஷத்துக்கு நன்றாகத் தெரியும். சின்னவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு வர முடியாதுங்க" என்றார். "வீட்டுல விருந்தாளி. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வரேன்."

போனை அலமாரி உச்சியில் வைத்தார். அது பதினோரு தடவை அடித்து ஓய்ந்தது. அதற்குள் அவர்கள் கூடத்தைச் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு முட்டு முட்டி, சமையலறை வழியாகப் படுக்கையறைக்குப் போயிருந்தார்கள். பத்துநிமிஷம்தான் எல்லோரையும்விட வேகமாக மிதித்தார். மூன்று மணி நேரம் யாரும் இறங்கவில்லை.

சாயங்காலம் ஏரி கிளம்பியது. மீன்களை எண்ணி அழைத்துக்கொண்டு, வாசலில் சேற்றைத் திரும்ப மாட்டிக்கொண்டு, படி இறங்கியது. "அடிக்கடி வாங்க" என்றாள் சின்னவள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. நோட்டீஸ் தானாகக் காலாவதியானது. மறுநாள் எட்டு மணிக்குச் சொன்னபடியே பிளம்பர் வந்து நின்றதைப் பார்த்த அதிகாரிதான் கொஞ்சம் பயந்துபோனார்.

அதிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு ஏரி வந்து போகிறது. அன்று யாராவது குழாய் ஒழுகுகிறது என்று போன் செய்தால், "ஏரி வந்திருக்குங்க, நாளைக்கு வரேன்" என்பார் பத்துநிமிஷம். "அப்படியா, சரி சரி" என்பார்கள். "நாங்க கேட்டதாச் சொல்லுங்க."